பல்வங்கர் பாலூ

பல்வங்கர் பாலூ (19 மார்ச் 1876 – 4 ஜூலை 1955) ஓர் இந்தியத் துடுப்பாட்டக்காரரும் பம்பாய் நகரத்தைச் சேர்ந்த அரசியலாளரும் ஆவார். பேச்சு வழக்கில் கிரிக்கெட் எனப்படும் துடுப்பாட்டத்தில் இவர் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளராக விளங்கினார். இந்தியா 1932 ஆம் ஆண்டில்தான் தன் முதல் தேர்வுப் போட்டியை ஆடியது. அதற்கு முந்தைய தலைமுறையின் மிகச் சிறந்த இந்தியப் பந்துவீச்சாளர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். தீண்டத்தகாதோர் எனச் சமூகம் ஒதுக்கிவைத்த ஒரு சாதியில் பிறந்து, துடுப்பாட்டத்தால் நாடறிந்தவரான முதல் இந்தியர் இவரே. ஓய்வுக்குப் பின் அரசியலில் ஈடுபட்டு, 1932 இல் புனே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1937 இல் பம்பாய் மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் பி. ஆர். அம்பேத்கரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோல்வியடைந்தார்.

பிறப்பும் இளமையும்

பாலூ இன்றைய கருநாடக மாநிலத்தில் உள்ள தார்வாடில் பிறந்தார். பல்வங்கர் என்னும் குடும்பப் பெயர், கொங்கணப் பகுதியிலுள்ள பல்வன் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது. இவரது குடும்பம் தோல் பதனிடும் தொழிலோடு தொடர்புடைய சாம்பார் சாதியைச் சேர்ந்தது. தந்தை படைத்துறை சார்ந்த பணியில் இருந்ததால் குடும்பம் புனேயில் குடியேறியது. பாலூவும் தம்பி சிவராமும் அங்கே வெள்ளைக்காரப் படை அதிகாரிகள் பயன்படுத்திக் கழித்த மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு விளையாடக் கற்றுக்கொண்டனர். தம்பிகளுள் சிவராம், கணபத், விட்டல் ஆகிய மூவரும் பின்னாளில் முதல்தரத் துடுப்பாட்டக்காரர்களாயினர்.

குடும்பத்தின் வறுமையால் பாலூவின் பள்ளிப்படிப்பு விரைவில் நின்றது. பார்சிகள் நடத்திய துடுப்பாட்டக் கழகம் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892 வாக்கில் ஐரோப்பியர்களுக்கான புனே கழகத்திற்கு மாறினார். அங்கே சம்பளம் 4 ரூபாயாக உயர்ந்தது.

ஐரோப்பியர் கழகத்தில்

ஆடுகளத்தைச் சீர்செய்வது, பயிற்சி வலைகளைக் கட்டுவது, டென்னிஸ் திடலுக்குக் கோடு போடுவது ஆகியவை இவருக்கு விதிக்கப்பட்ட வேலைகள். பயிற்சிக்கு வரும் கழக உறுப்பினர்களுக்குப் பந்து வீசுவதும் நாளடைவில் அவற்றோடு சேர்ந்துகொண்டது. அக்காலத்தில் ஐரோப்பிய அணியின் சிறந்த துடுப்பெடுத்தாடுபவராக விளங்கியவர் ஜே. ஜி. கிரெய்க் என்ற படை அதிகாரி. இவர் மற்றவர்களுக்கு முன்பாகவே களத்திற்கு வந்து பாலூவின் பந்துவீச்சை எதிர்கொண்டு பயிற்சி செய்வார். தம்மை ஒவ்வொரு முறை வீழ்த்தும்போதும் பாலூவுக்கு எட்டணா கொடுத்தார் என்று கூறப்படுகிறது. கணக்கு உண்மையானால், வாரத்தில் இரண்டு முறை வீழ்த்தினாலே மாதச் சம்பளத்துக்கு இணையான தொகை கிடைத்துவிடும்.

இவ்வாறு ஆயிரக்கணக்கான மணி நேரம் வீசிய பயிற்சியே பாலூவின் கலையைச் செதுக்கியது. ஆனால் அந்தக் கழகத்தில் ஒருவரும் அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. துடுப்பெடுத்தாடுவது துரைமார்களுக்கும் பந்து வீசுவது வேலைக்காரர்களுக்கும் உரியது என்பது அங்கே எழுதப்படாத விதியாக இருந்தது. பாலூ தம் வாழ்நாள் முழுவதும் பெரிதும் பந்துவீச்சாளராகவே அறியப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். தம்பிகள் சிவராமும் விட்டலும் துடுப்பெடுத்தாடுவதில் சிறந்தனர்.

வலதுகையால் ஆடுபவருக்கு இடதுகைச் சுழற்பந்து வீச்சாளரின் வழக்கமான பந்து, தரையில் பட்டபின் வெளிப்புறமாக விலகிச் செல்லும். பாலூ பந்தை இருபுறமும் திருப்பவும், உயரத்தையும் வேகத்தையும் பந்துக்குப் பந்து மாற்றவும் வல்லவர். நீண்ட நேரம் களைப்பின்றி ஒரே இடத்தில் பந்தை விழச்செய்வார். மழையில் நனைந்த ஆடுகளங்களில் இவரை எதிர்கொள்வது மிகக் கடினம். அக்கால எழுத்தாளர்கள் இவரை இங்கிலாந்தின் வில்பிரட் ரோட்சுடன் ஒப்பிட்டனர்.

இந்து அணியில் சேர்க்கப்படுதல்

புனேயின் இந்துக்கள் தனிக் கழகம் ஒன்றை நடத்திவந்தனர். ஐரோப்பியர்களை வெல்ல வேண்டும் என்பது அவர்களது பெருவிருப்பம். அதற்குத் தகுந்த பந்துவீச்சாளர், அதே ஊரில், அந்த ஐரோப்பியர்களிடமே வேலை செய்துகொண்டிருந்தார். ஆனால் கழகத்தின் பெரும்பாலான உறுப்பினர்கள் பிராமணர்கள். பாலூவைச் சேர்ப்பது குறித்து நெடிய வாக்குவாதம் நடந்தது. இத்தகைய வீரரை ஒதுக்குவது அறிவின்மை என்ற பொருள்பட கிரெய்க்கும் கருத்துத் தெரிவித்ததாகக் கூறப்படுகிறது. இறுதியில் வெற்றியின் மேலிருந்த ஆசை, சாதிக் கட்டுப்பாட்டை விளையாட்டுத் திடலின் எல்லை வரையிலாவது தள்ளிவைத்தது.

எல்லைக் கோட்டிற்கு வெளியே நிலைமை மாறவில்லை. பாலூ தொட்ட பந்தை உடன் ஆடிய மேல்சாதியினர் தொட்டனர். தேநீர் இடைவேளையிலோ மற்றவர்கள் ஆட்டக்கூடத்தினுள் பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்த, பாலூவுக்கு வெளியே, பயன்படுத்தியபின் எறிந்துவிடக்கூடிய மண்குவளையில் தேநீர் வழங்கப்பட்டது. உணவும் தனி இடத்தில்தான். கைகால் கழுவத் தண்ணீர் ஊற்றுவதற்கும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த பணியாளரே வர வேண்டியிருந்தது. (தமிழக ஊர்களின் தேநீர்க் கடைகளில் இருந்த இரட்டைக் குவளை முறையை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.)

புனே இந்துக்கள் ஐரோப்பிய அணிகளை அடுத்தடுத்து வென்றனர். சாதாராவில் ஆடிய போட்டி குறிப்பிடத்தக்கது. பாலூவின் சுழற்சியை மட்டுப்படுத்துவதற்காகவே அங்கிருந்த வெள்ளையர்கள் ஆடுகளத்தைப் பல நாட்கள் உருளையிட்டுக் கெட்டிப்படுத்தினர் என்றும், அப்படியிருந்தும் பாலூ 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார் என்றும் கூறுவர். இவ்வெற்றிகளுக்குப் பின் சமூகச் சீர்திருத்தவாதியும் நீதிபதியுமான மகாதேவ கோவிந்த ரானடே இவரைப் பொதுமேடையில் பாராட்டினார். உடன் விளையாட முடியுமெனில் உடன் உண்ணவும் முடியும் என்று அவர் பிற வீரர்களுக்கு அறிவுறுத்தியதாகச் சொல்லப்படுகிறது. பால கங்காதர திலகரும் பாலூவைச் சிறப்பித்தார்.

பம்பாய் வாழ்க்கை

1896 இல் பம்பாயிலும் தொடர்ந்து புனேயிலும் கொள்ளைநோய் பரவியது. அக்காலப்பகுதியில் பாலூ பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். சிறிது காலம் படைப்பிரிவு ஒன்றில் பணியாற்றி அதன் அணிக்காக ஆடினார். பின்னர் இருப்புப்பாதை நிறுவனம் ஒன்றில் வேலை பெற்று அதன் அணியிலும் விளையாடினார். பம்பாயின் பரமானந்ததாசு சீவன்தாசு இந்து ஜிம்கானாவில் இவரைச் சேர்ப்பதற்கும் உறுப்பினர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அணித்தலைவர் கீர்த்திகர் உறுதியாக நின்று அவர்களை இணங்கவைத்தார். பம்பாயில் நிலைமை புனேயைவிடச் சற்று மேம்பட்டதாக இருந்தது. இங்கே பாலூ காலப்போக்கில் உடன் ஆடியவர்களோடு ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ணும் நிலை ஏற்பட்டது.

அன்றைய பம்பாயில் துடுப்பாட்ட அணிகள் சமய அடிப்படையில் அமைந்தவை. முதலில் ஐரோப்பியரும் பார்சிகளும் மட்டும் மோதிக்கொண்டனர். 1907 இல் இந்துக்கள் சேர்ந்து முத்தரப்புப் போட்டியும், 1912 இல் முசுலிம்கள் சேர்ந்து நாற்றரப்புப் போட்டியும் ஆயின. 1937 இல் ஐந்தாவது அணியும் சேர்ந்தது. சென்னையில் இவ்வாறு இல்லை. சேப்பாக்கத்தில் பொங்கலையொட்டி நடைபெற்ற மாகாணப் போட்டியில் ஐரோப்பியர் ஓர் அணியாகவும், எல்லாச் சமயத்தையும் சேர்ந்த இந்தியர்கள் மற்றோர் அணியாகவும் ஆடினர். பாலூ சென்னையில் பிறந்திருந்தால் இந்தியர் அணியில் ஆடியிருப்பார். பம்பாயில், தம்மை வாசலுக்கு வெளியே நிறுத்திய சமயத்தின் பெயரால் அமைந்த அணிக்கு ஆடினார். இவரது வாழ்வின் முரண்கள் பலவற்றுக்கும் இதுவே தொடக்கம்.

1906 வெற்றி

1906 ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் இடையே நடைபெற்ற போட்டி, இந்தியத் துடுப்பாட்ட வரலாற்றில் ஒரு திருப்புமுனை ஆகும். இந்துக்கள் முதல் ஆட்டப்பகுதியில் 242 ஓட்டங்களும் இரண்டாவதில் 160 ஓட்டங்களும் எடுத்தனர். ஐரோப்பியர்கள் 191 ஓட்டங்களுக்கும், பின்னர் 102 ஓட்டங்களுக்கும் ஆட்டமிழந்தனர். 109 ஓட்ட வேறுபாட்டில் இந்துக்கள் வென்றனர். பாலூவும் எரசாவும் இந்துக்களின் முதன்மைப் பந்துவீச்சாளர்களாக இருந்தனர்.

வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த காலம் அது. முந்தைய ஆண்டில்தான் சப்பான், உருசியாவைப் போரில் தோற்கடித்திருந்தது. எனவே விளையாட்டுத் திடலில் ஆள்வோர் தோற்றது வெறும் விளையாட்டுச் செய்தியாக இருக்கவில்லை. சீர்திருத்தக் கொள்கையுடைய இதழ்கள் மற்றொன்றையும் கவனித்தன. தீண்டாமையைத் தளர்த்தியதன் பயனே இவ்வெற்றி என்று அவை எழுதின.

1911 இங்கிலாந்துச் சுற்றுப்பயணம்

1911 இல் முதன்முறையாக அனைத்திந்திய அணி ஒன்று இங்கிலாந்துக்குச் சென்றது. பட்டியாலா அரசர் பூபிந்தர் சிங் அணித்தலைவர். பார்சிகள், இந்துக்கள், முசுலிம்கள் என முச்சமயத்தாரும் இதில் இடம்பெற்றனர். பாலூவும் சிவராமும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சென்னையைச் சேர்ந்த விக்கெட் காப்பாளர் கே. சேசாச்சாரியும் இவ்வணியில் இருந்தார்.

அரசரான அணித்தலைவர் விருந்துகளுக்கும் விழாக்களுக்கும் அளித்த நேரத்தை ஆட்டத்திற்கு அளிக்கவில்லை. மொத்தம் 23 போட்டிகளில் 6 இல் மட்டுமே அணி வென்றது. 15 இல் தோற்றது. இந்தத் தோல்விகளுக்கு நடுவில் பாலூ ஒருவரே சுற்றுப்பயணம் முழுவதும் 114 விக்கெட்டுகளைச் சராசரி 18.84 ஓட்டங்களில் வீழ்த்தினார். இவற்றுள் 75 விக்கெட்டுகள் முதல்தரப் போட்டிகளில் பெற்றவை (சராசரி 20.12). கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 103 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள் எடுத்தது இவரது முதல்தர வாழ்வின் சிறந்த பந்துவீச்சு. லெசுட்டர்சயர் மாவட்ட அணியை இந்தியர்கள் வென்றதில் இவரது பந்துவீச்சும், சாமர்செட் அணியை வென்றதில் சிவராமின் சதமும் பெரும் பங்கு வகித்தன.

அப்போது பாலூவுக்கு வயது 35. இன்றைய பந்துவீச்சாளர்கள் பலர் ஓய்வு பெறும் வயதில், தோள்வலியோடு, பழக்கமில்லாத குளிர்நாட்டில், பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருந்த அணிக்காக இதனைச் செய்தார் என்பதைக் கருத்திற்கொண்டு மேற்கண்ட எண்களைப் படிக்க வேண்டும்.

தாயகம் திரும்பிய இவருக்குப் பம்பாயின் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் வரவேற்பு அளித்தனர். அதில் வாசிக்கப்பட்ட வரவேற்பு மடலை எழுதியவர் அப்போது இருபது வயதுக் கல்லூரி மாணவராக இருந்த பீமராவ் அம்பேத்கர் என்று வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா குறிப்பிடுகிறார். அம்பேத்கரின் இளமைக் காலத்தில் அவரது மக்கள் பெருமையோடு சுட்டிக்காட்டக்கூடிய பொதுவாழ்வுப் பெயர்கள் மிகச் சிலவே. அவற்றுள் பாலூ முதன்மையானவர்.

அணித்தலைமைச் சிக்கல்

இங்கிலாந்துப் பயணத்திற்குப் பின் இந்து அணியின் மூத்த வீரர் பாலூவே என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அணித்தலைமை மேல்சாதியினருக்கே சென்றது. 1913 இல் தலைவராக்கப்பட்ட எம். டி. பை, இப்பெருமை பாலூவுக்கே உரியது என்று பொதுவிழாவிலேயே கூறினார். தேர்வுக்குழுவினர் அதனைக் கேட்டுக்கொண்டனர், முடிவை மாற்றவில்லை.

1920 இல் சிக்கல் முற்றியது. அவ்வாண்டு நாற்றரப்புப் போட்டிக்கு முன் பை உடல்நலம் குன்றியதால் தி. பா. தேவதர் அணித்தலைவராக்கப்பட்டார். தேவதர் சிறந்த துடுப்பெடுத்தாடுபவர். ஆனால் பல்வங்கர் உடன்பிறந்தாரைவிட அனுபவத்தில் இளையவர். அத்தோடு பாலூ அணியிலிருந்தே நீக்கப்பட்டார். சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகி, தங்கள் விலகலுக்கான காரணத்தைப் பகிரங்கமாக வெளியிட்டனர். மூத்தவரைப் புறக்கணித்ததற்குச் சாதியைத் தவிர வேறு காரணம் இல்லை என்பதே அவ்வறிக்கையின் சாரம். அதே காலத்தில்தான் காந்தி, தீண்டாமை ஒழியாமல் விடுதலை இல்லை என்று நாடெங்கும் பேசிவந்தார். பம்பாயில் பொதுக்கருத்து பல்வங்கர்களின் பக்கம் சாய்ந்தது.

நலமடைந்த பை திரும்பியதும் சமரசம் ஏற்பட்டது. மூன்று உடன்பிறந்தாரும் அணிக்குத் திரும்பினர். பாலூ துணைத்தலைவர் ஆக்கப்பட்டார். பார்சிகளுக்கு எதிரான போட்டியில் பை வேண்டுமென்றே சிறிது நேரம் களத்தை விட்டு வெளியேறி, பாலூ அணியை நடத்த வழிவிட்டார். 44 வயதில், மற்றொருவரின் பெருந்தன்மையால் கிடைத்த அந்தச் சில மணித்துளிகளே பாலூ இந்து அணிக்குத் தலைமை தாங்கிய காலம். அப்பருவத்தோடு அவர் முதல்தரத் துடுப்பாட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 33 முதல்தரப் போட்டிகளில் 179 விக்கெட்டுகள், சராசரி 15.21 என்பது அவரது இறுதிக் கணக்கு.

1923 இல் விட்டல் இந்து அணியின் தலைவராக நியமிக்கப்பட்டார். அவ்வாண்டு இந்துக்கள் வெற்றி பெற்றபோது சாதி பாராமல் இரசிகர்கள் அவரைத் தோளில் சுமந்து சென்றனர். அண்ணனுக்கு மறுக்கப்பட்டதைத் தம்பி பெற்றார். (ஒப்பிட்டுப் பார்க்க: மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு ஒரு தொடர் முழுவதும் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவரான பிராங்க் வோரல் அப்பொறுப்பை ஏற்றது 1960 இல்தான்.) விட்டல் 1948 இல் மராத்தியில் எழுதிய தன்வரலாறு, இக்குடும்பத்தைப் பற்றிய முதன்மையான ஆவணமாகும்.

அரசியல் வாழ்க்கை

ஓய்வுக்குப் பின் பாலூ, ஒடுக்கப்பட்டோரின் தலைவர்களுள் ஒருவராகப் பம்பாயில் பொதுப்பணி ஆற்றினார். காந்தியிடம் அவருக்குப் பற்று இருந்தது. இந்து சமூகத்தினுள் இருந்தபடியே உரிமை பெறுவது இயலும் என்பது அவரது நிலைப்பாடு. அம்பேத்கரோ வட்டமேசை மாநாட்டில் தனி வாக்காளர் தொகுதிகளைக் கோரினார்.

இவ்விடத்தில் பாலூவின் கதை சென்னையோடு இணைகிறது. சென்னை மாகாணத்தின் ஆதிதிராவிடர் தலைவரான எம். சி. ராஜா (மயிலை சின்னத்தம்பி ராஜா) 1932 இல் இந்து மகாசபையின் மூஞ்சேயுடன், கூட்டு வாக்காளர் தொகுதியில் இட ஒதுக்கீடு என்ற அடிப்படையில் உடன்பாடு செய்துகொண்டார். பாலூ அதனை ஆதரித்தார். சென்னையின் மற்றொரு தலைவரான இரட்டைமலை சீனிவாசன், வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு நின்றவர்.

1932 ஆகத்து மாதத்தில் பிரித்தானிய அரசு தனித்தொகுதிகளை அறிவித்தது. அதனை எதிர்த்து எரவாடா சிறையில் காந்தி செப்டம்பர் 20 அன்று உண்ணாநோன்பு தொடங்கினார். கடும் பேச்சுவார்த்தைகளுக்குப் பின் செப்டம்பர் 24 அன்று புனே ஒப்பந்தம் கையெழுத்தானது. தனி வாக்காளர் தொகுதிகள் கைவிடப்பட்டு, மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டன. இவற்றுள் 30 இடங்கள் சென்னை மாகாணத்துக்கு உரியவை. அம்பேத்கர், எம். சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், பின்னாளில் சென்னை தியாகராய நகரின் பசுல்லா சாலையில் வாழ்ந்த இராஜகோபாலாச்சாரி ஆகியோரோடு பாலூவும் அதில் கையொப்பமிட்டார். ஒருகாலத்தில் புனே கழகத்தில் மண்குவளையில் தேநீர் அருந்தியவர், அதே ஊரில் நாட்டின் தலைவர்களோடு அமர்ந்து தம் மக்களின் எதிர்காலம் குறித்த ஆவணத்தில் ஒப்பமிட்டார்.

1933 இல் பம்பாய் மாநகராட்சி இடைத்தேர்தலில் இந்து மகாசபையின் சார்பில் போட்டியிட்டுத் தோற்றார். புகழ்பெற்ற விளையாட்டு வீரர் என்பது வாக்குகளாக மாறவில்லை.

1937 தேர்தல்

1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த மாகாணத் தேர்தலுக்காக அம்பேத்கர் 1936 இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். அவர் நின்ற தொகுதி, ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த பைகுல்லா–பரேல் பகுதி. அங்கே ஒதுக்கப்பட்ட இடத்திற்குக் காங்கிரசு பாலூவை நிறுத்தியது. பாலூ முதலில் தயங்கியதாகவும் பின்னரே இசைந்ததாகவும் குகா எழுதுகிறார். அம்பேத்கர் மகார் சாதியினர். பாலூ சாம்பார் சாதியினர். ஒடுக்கப்பட்டோரின் வாக்குகளைச் சாதிவாரியாகப் பிரிக்கவும், பாலூவின் புகழைப் பயன்படுத்தவும் காங்கிரசு எண்ணியது என்பது தெளிவு.

அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலூ 11,225 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 2,020 மட்டுமே. அம்பேத்கருக்கு இருந்த செல்வாக்கை நோக்க இது நெருக்கமான போட்டியே ஆகும்.

இத்தேர்தலைக் கொண்டு பாலூவை வெறும் பகடைக்காயாகக் காண்போர் உண்டு. அக்கருத்து முழுமையானதாகத் தோன்றவில்லை. பாலூ தம் வாழ்வில் கண்டது, கதவுகள் மிக மெதுவாக, அரைகுறையாக, ஆனால் திறக்கவே செய்தன என்பதை. அம்பேத்கர் கண்டதோ, அவரளவு திறமை வாய்க்காத கோடிக்கணக்கானோருக்கு அக்கதவுகள் ஒருபோதும் திறக்கவில்லை என்பதை. இருவரும் தத்தம் பட்டறிவிலிருந்தே பேசினர். எனினும் தேர்தல் களத்தில் பாலூவைத் தம் பக்கம் நிறுத்தியவர்களுள் எத்தனை பேர், 1920 இல் அவர் அணித்தலைமைக்காகக் குரல் கொடுத்திருப்பர் என்பது கேட்கத்தக்க கேள்வியே.

மறைவும் நினைவும்

பாலூ 1955 ஜூலை 4 அன்று பம்பாயில் காலமானார். இறுதிச் சடங்கில் துடுப்பாட்டக்காரர்களும் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த அரசியல் தலைவர்களும் கலந்துகொண்டனர். அடுத்த ஆண்டு டிசம்பர் 6 அன்று அம்பேத்கரும் மறைந்தார்.

இதன்பின் அரை நூற்றாண்டுக்காலம் பாலூவின் பெயர் பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்தது. தேர்வுப் போட்டிகளில் ஆடாதவர்களைப் புள்ளிவிவர நூல்கள் பொருட்படுத்துவதில்லை என்பது ஒரு காரணம். அம்பேத்கரை எதிர்த்து நின்றதால் தலித் இயக்கங்களின் நினைவிலும் அவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. 2001 இல் வெளியான லகான் இந்தித் திரைப்படத்தில், தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டுப் பின் அணியில் சேர்க்கப்படும் கச்ரா என்ற சுழற்பந்து வீச்சாளர் வருகிறார். பலர் அப்பாத்திரத்தைப் பாலூவுடன் ஒப்பிட்டனர். கச்ராவின் பந்து ஊனமுற்ற கையால் தற்செயலாகச் சுழல்கிறது. பாலூவின் பந்தோ பல்லாண்டுப் பயிற்சியால் சுழன்றது. 2002 இல் இராமச்சந்திர குகா இந்தியத் துடுப்பாட்டத்தின் சமூக வரலாறு குறித்து ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் பல்வங்கர் உடன்பிறந்தாருக்கு விரிவான இடம் அளித்தார். 1911 சுற்றுப்பயணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பிரசாந்த் கிடாம்பி எழுதிய ஆய்வுநூல் 2019 இல் வெளிவந்தது.